'லீஸ்ட் கன்சர்ன்': செங்காந்தளுக்கு என்ன கவலை?

மேலூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். அரிட்டாபட்டி மலைக்குப் போய்வந்த கையோடு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். செங்காந்தளில் மாட்டிக்கொண்டேன். உயிரினங்களை அழியும் ஆபத்தை வைத்துத் தரம் பிரிக்கும் உலகச் செம்பட்டியலில் அதன் நிலை 'லீஸ்ட் கன்சர்ன்', அதாவது அழியும் ஆபத்து குறைவு. இதைப் பலகையில் தமிழில் எப்படி எழுதுவது? தமிழ் விக்கிப்பீடியாவில் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை, "காந்தளுக்கு என்ன சார் கவலை?" என்கிறாள். வியாழக்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:
பிள்ளை கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. 'அறிவு குறைந்த ஆள்' என்றால் குறை ஆளுக்கு. அதுபோல இங்கே கவலை இனத்துக்குப் போய்விடுகிறது, படுவதோ நாம். அதைவிட வேடிக்கை, கவலை என்பதே ஒரு கிழங்கு! 'கவலை கெண்டிய அகல்வாய்ச் சிறுகுழி' (குறுந்தொகை 233). தோண்டிய குழியைத்தான் சொல்கிறார் புலவர். பிரியும் வழிக்கும் கவலை என்றே பெயர். கவர்த்தல் என்றால் இரண்டாகப் பிரிதல். மனம் பிரிந்தால் அதுவும் கவலை. காந்தள் கிழங்கும் கவர்த்தே இருக்கும், அதனால்தான் கலப்பைக் கிழங்கு. என் பரிந்துரை: 'ஏமநிலை'. ஏமம் என்றால் காவல்.

உசிலம்பட்டியிலிருந்து:
ஐயா, ஏமநிலையை எங்கள் ஊரில் ஏமாந்த நிலை என்றுதான் படிப்பார்கள். எங்கள் தாத்தா மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்தார், அதையும் கவலை என்பார்கள். அதை விட்டுவிட்டீர்களே! 'பயமில்லை' என்று போடுங்கள், முடிந்தது.

அழகர்கோவிலிலிருந்து:
தம்பி, மலையடியில் 'பயமில்லை' என்று எழுதி வைத்தால் கிழங்கு தோண்டுகிறவருக்கு அதுவே அனுமதிச் சீட்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவிக் கிடப்பதால் உலக அளவில் கொடுத்த நிலை அது. இந்தச் சரிவில் எத்தனை கொடி மிச்சம் என்று அது சொல்லாது. ஒட்டன்சத்திரம் பக்கம் கொல்சிசின் என்கிற மருந்துப் பொருளுக்காக வயலிலேயே பயிராக்குகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, காட்டிலும் நிறைய இருக்கும் என்று நினைக்கிறோம். எங்கள் வேலியில் கார்த்திகைக்குக் கார்த்திகை பூத்த கொடி போய் வருடங்கள் ஆயிற்று. மாநில மலர்தான், பேருக்கு. எந்தச் சொல் போட்டாலும் 'உலக அளவில்' என்பது வேண்டும். 'கிழங்கு நஞ்சு' என்றும் போடுங்கள், பிள்ளைகள் வருகிற இடம்.

திருமங்கலத்திலிருந்து:
பலகை வரைவில் 'குமிழம்' என்று கண்டேன். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதுதான் குமிழம். நரிவெங்காயத்துக்கு அது சரி, காந்தளுக்குக் கிழங்கு என்றே இருக்கட்டும்.

மேலூரிலிருந்து:
திருத்திவிட்டேன். நிலைக்கு ஒரே வரிதான் இடம். 'அழிவச்சம் குறைந்தது (உலக அளவில்)' என்று கொடுத்தாயிற்று. மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பேசவில்லை. நன்றி.

திருப்பரங்குன்றத்திலிருந்து:
'குறைந்தது' என்றால் முன்பு கூடுதலாக இருந்து இப்போது குறைந்தது என்றும் பொருள்படும். அச்சகத்தில் இன்னும் ஏற்றவில்லை என்றால் சொல்லுங்கள்.