யார்க் நகரில் இரண்டு இரவு: ஆறு பேர், 500 பவுண்டு, போதுமா?

அகிலா, ஈஸ்ட்ஹாம்

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து என் மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்தவர். வந்ததிலிருந்து அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வடக்கு இங்கிலாந்தில், யார்க் ரயில் மியூசியத்தில் இருக்கும் மல்லார்டு என்ற நீராவி எஞ்சினைப் பார்க்க வேண்டும். எப்படியாவது கூட்டிப் போக நினைக்கிறேன்.

நான், கணவர், அவர்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர் (8 வயது, 4 வயது). ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வியாழன் போய் சனி திரும்பலாம் என்று பார்த்தால் இரண்டு அறைக்கு 540 பவுண்டு, ரயிலுக்கு 380 பவுண்டு காட்டுகிறது. எங்களால் எல்லாம் சேர்த்து 500தான் முடியும். அதே ஹோட்டல் மாதத் தொடக்கத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நான்தான் எங்கேயாவது தப்பாக அழுத்துகிறேனா? காரில் ஆறு பேர் அடங்காது.

பாஸ்கர், லீட்ஸ்

நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. அந்த வாரம் ஈபோர் குதிரைப் பந்தயம், புதனிலிருந்து சனி வரை நான்கு நாள். யார்க்கில் வருடத்திலேயே பெரிய பந்தயம் அதுதான். (ரோமர்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர் எபோராகம். பந்தயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.) அந்த நாட்களில் ஊருக்குள் அறையே கிடைக்காது, கிடைத்தால் இந்த விலைதான். நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும்போதும் இதே கதை.

தேதியை மாற்ற முடிந்தால் ஆகஸ்ட் முதல் வாரம், ஞாயிறு போய் செவ்வாய் திரும்புங்கள். ஞாயிறு இரவு அறை விலை நன்றாக இறங்கும். வெள்ளி, சனி இரவுகளில் பார்ட்டிக் கூட்டம் வேறு, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒத்து வராது. ஒரே ஒரு விஷயம், ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடப்பது உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைக்கு வண்டி நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

வள்ளி, நியூகாசில்

அகிலா, ரயில் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுங்கள். ஒரே கார்டில் பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர் வரை சேர்ந்து போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் கட்டணத்தில் 60 சதவீதம் தள்ளுபடி. ஊரிலிருந்து வந்தவர்களும் உங்களோடு பயணம் செய்தால் போதும், அவர்கள் பெயர் கார்டில் இருக்கத் தேவையில்லை. ஆனால் டிக்கெட் எடுத்த பிள்ளை ஒன்றாவது கூட வர வேண்டும். உங்கள் மூத்த பிள்ளை இருப்பதால் கவலை இல்லை.

சின்னவருக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் இருக்கை உரிமையும் கிடையாது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், கூட்டம் வந்தால் மடியில்தான்.

அட்வான்ஸ் டிக்கெட்தான் மலிவு, ஆனால் அந்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும். போன வருடம் நாங்கள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போய், குடும்பத்துக்கே மறுபடி முழு விலை கொடுத்தோம். அரை மணி முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். டிக்கெட்டை ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் எடுத்தால் புக்கிங் கட்டணம் கிடையாது.

செந்தில், ரெடிங்

எதற்கு இரண்டு இரவு? காலையில் போய் மியூசியம் பார்த்துவிட்டு இரவே திரும்பலாமே. ஹோட்டல் செலவே இல்லை.

வள்ளி, நியூகாசில்

செந்தில் தம்பி, நாம் இருவர் மட்டும் என்றால் சரி. வயதானவர்களையும் நாலு வயதுப் பிள்ளையையும் ஈஸ்ட்ஹாமிலிருந்து விடியற்காலையில் கிளப்பி இரவு பத்துக்குக் கொண்டு வந்து சேர்ப்பது பாவம். மியூசியம் மட்டுமே அரை நாள் வேண்டும்.

அகிலா, ஈஸ்ட்ஹாம்

பாஸ்கர் அண்ணா, வள்ளி அக்கா, மிகவும் நன்றி. முதல் வாரத்துக்கு மாற்றினேன். அறை 236, ரயில் கார்டோடு சேர்த்து 196. ஆக 432. மீதி 68 பவுண்டில் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அடங்குமா? அத்தைக்கு மூட்டு வலி, அதிகம் படி ஏற முடியாது. சுத்த சைவம், முட்டை கூட இல்லை.

பாஸ்கர், லீட்ஸ்

அடங்கும். யார்க்கில் நல்லது பாதி இலவசம்.

முதலில் மாமா விஷயம். தேசிய ரயில்வே மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், நடந்தே போகலாம். மல்லார்டு 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடிய எஞ்சின், நீராவி எஞ்சினில் அந்தச் சாதனையை இன்று வரை எதுவும் முறியடிக்கவில்லை. ஜப்பானின் முதல் புல்லட் ரயில் வகையில் ஒரு பெட்டியும் அங்கே நிற்கிறது. உள்ளே ஏறி உட்காரலாம், பிள்ளைகளுக்கு அது போதும். அங்கே தன்னார்வலர்கள் இருப்பார்கள். மாமாவைத் தயங்காமல் பேசச் சொல்லுங்கள். பணிமனையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால் அவர்களே விட மாட்டார்கள்.

அத்தைக்கு நான் சொல்வது மின்ஸ்டர் பேராலயத்தின் மாலை வழிபாடு. சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு, ஆனால் வழிபாட்டில் உட்காரக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம். பாடகர் குழு பாடும்போது அந்தக் கல் மண்டபம் முழுக்கக் குரலால் நிறைந்து விடும். என் அம்மா ஒரு வார்த்தை புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்கள். கிழக்குப் பக்கத்து பெரிய ஜன்னல் 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவர் செய்த வண்ணக் கண்ணாடி. அதை நிதானமாகப் பார்க்க டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். கோபுரத்துக்கு 275 படி, அதை விட்டுவிடுங்கள்.

கோட்டைச் சுவரில் நடப்பதும் இலவசம். பூத்தம் பாரிலிருந்து மாங்க் பார் வரைக்கும் உள்ள துண்டு மட்டும் போதும், மின்ஸ்டர் பக்கத்திலேயே தெரியும். படி ஏற வேண்டும், சில இடத்தில் உள்பக்கம் கைப்பிடி இருக்காது. அதனால் அத்தை கீழே இருக்கட்டும், சின்னவரின் கையை விடாதீர்கள். அப்புறம் ஒரு குழப்பம் வரும்: அந்த ஊரில் கேட் என்றால் தெரு, பார் என்றால் கோட்டை வாசல். கேட் என்பது, ஒரு காலத்தில் கடல் வழி வந்து இந்த ஊரை ஆண்ட வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல். மேப்பில் ‘ஸ்டோன்கேட்’ என்று பார்த்து வாசலைத் தேடாதீர்கள்.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் யார்விக் வைக்கிங் மையம். 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டி எடுத்த தெருவின் மேலேயே கட்டியது. நாற்றம் உட்பட அந்தக் காலத்தை அப்படியே காட்டுவார்கள், அதனால் நீங்களும் பெரிய பிள்ளையும் மட்டும் போங்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுக்கவும்.

ஷாம்பிள்ஸ் என்ற பழைய குறுகலான தெருவுக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம், பதினொரு மணிக்கு நகரவே முடியாது.

வள்ளி, நியூகாசில்

சாப்பாட்டுக்கு: முதல் நாளுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள். ரயிலிலும் அன்று இரவும் ஓடிவிடும். மியூசியம் கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா, உள்ளே செயின்ட் மேரிஸ் மடத்தின் இடிந்த சுவர்கள், ரோமர் கட்டிய கோபுரம் ஒன்று. புல்லில் துண்டு விரித்துச் சாப்பிடலாம், அத்தை அங்கேயே உட்கார்ந்து கொள்ளலாம். மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் தயிரும் ரொட்டியும் பழமும் வாங்கினால் போதும். அறையில் குக்கர் வைக்க விட மாட்டார்கள், கெட்டில் மட்டும் இருக்கும்.

அத்தையை நிறைய நடக்க விடாதீர்கள். உள்ளூர் பஸ்ஸில் ஒரு பயணம் அதிகபட்சம் 3 பவுண்டுதான்.

அகிலா, ஈஸ்ட்ஹாம்

போய்விட்டு நேற்றுத்தான் வந்தோம். மொத்தம் 511 ஆனது, யார்விக் டிக்கெட்டும் ஐஸ்கிரீமும் சேர்த்து.

மாமா மல்லார்டைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தண்டுப் பக்கம் குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெரியவளைக் கூப்பிட்டு, நீராவி எப்படிச் சக்கரத்தைத் திருப்புகிறது என்று கையாலேயே செய்து காட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒருவர் அதைக் கவனித்து வந்து பேச, ஊட்டி மலை ரயில் எஞ்சின்களைப் பொன்மலையில் பழுது பார்த்த கதை வெளியே வந்தது. எங்களுக்கே தெரியாத கதை, ஒன்றரை மணி நேரம் ஓடியது. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புல்லட் ரயிலில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை வண்டி ஏற வேண்டிய காலையில் இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டார். இலவசம்தானே, போனோம்.