உதவி: பிடிஎஃப் லைப்ரரி – நிறுவனத்துடையதா, தன்னார்வலர்களுடையதா?

கேள்வி
வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளில் தமிழ் ரசீது அச்சிட ஓப்பன் சோர்ஸ் (மூலக் கோட் எல்லோருக்கும் திறந்த) பிடிஎஃப் லைப்ரரி, அதாவது பிடிஎஃப் உருவாக்கும் ஆயத்தக் கோட் தொகுப்பு ஒன்று வேண்டும். கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்றுக்குப் பின்னால் பெரிய நிறுவனம். மற்றதை இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். சம்பளத்துக்கு எழுதிய கோட்தான் ஒழுங்காக இருக்கும் என்கிறார் மேலாளர். ஆனால் அந்த நிறுவன லைப்ரரியில் ‘கெ’ என்று கொடுத்தால் ககரத்துக்குப் பின்னால் போய்க் கொம்பு விழுகிறது. அதைப் பற்றிய இஷ்யூ (பிழைப் புகார்) வெகுநாளாகத் திறந்தே கிடக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில் 1
மேலாளர் பயத்திலும் நியாயம் உண்டு நண்பரே. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை சர்வர் நினைவகம் கசிந்தது. அந்தப் பிழை இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. பாதி இணையம் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. எழுதியவர்களுக்குத் திறமை இருந்தது, மறுபார்வை பார்க்கத்தான் போதிய ஆள் இல்லை. அதனால் இரண்டு லைப்ரரியிலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்த பிறகுதான் மெர்ஜ் ஆகிறதா (திட்டத்தில் சேர்கிறதா) என்று பாருங்கள். பத்து புல் ரிக்வஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை) திறந்தாலே தெரிந்துவிடும்.

பதில் 2
அந்த இரண்டு பேர் லைப்ரரி எழுத்துகளை அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துரு அடுக்கும் லைப்ரரியைப் பயன்படுத்துகிறதா?

கேட்டவர்
ஆமாம். அதில் கொம்பு சரியாக வருகிறது.

பதில் 2
அப்போ சங்கதி அங்கேதான். ஹார்ஃப்பஸ்ஸின் முதன்மை உருவாக்குநர் ரெட் ஹாட்டிலும் பிறகு கூகுளிலும் வேலை பார்த்தபடியே அதை வளர்த்தவர். குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. உங்கள் தன்னார்வ லைப்ரரியின் கடினமான பகுதி சம்பளத்தில் வளர்ந்த கோட்தான்! இதை மேலாளரிடம் சொல்லுங்கள். மற்ற லைப்ரரிக்குப் பின்னால் உள்ள நிறுவனத்துக்குத் தமிழ் ரசீது தேவைப்படாதவரை உங்கள் இஷ்யூவுக்கு ஆள் ஒதுக்க மாட்டார்கள்.

பதில் 3
ஒரு எச்சரிக்கை. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டு நுழைவழி) வைத்தது, தனியாகத் திணறிய மெயின்டெய்னரிடம் (பராமரிப்பவரிடம்) மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்த ஒருவர். அதைக் கிளப்பிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட், எல்லோரும் பார்க்கும் கிட் கோட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார்பால் கோப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துப் பிடித்தவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். இரண்டு பேர் மட்டும் உள்ள திட்டம் என்றால் அவர்களுக்கு உங்கள் அலுவலகம் மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுக்கட்டும்.

கேட்டவர்
பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகக் கேள்வி கேட்கிறார்கள், டெஸ்ட்டும் இருக்கிறது. நிறுவன லைப்ரரியில் அண்மைக் கமிட்கள் (பதிவான மாற்றங்கள்) பெரும்பாலும் தானியங்கி போட் செய்த டிபென்டென்சி அப்டேட்தான் (அது சார்ந்த பிற லைப்ரரிகளின் பதிப்பு மாற்றம்). மேலாளர் சம்மதித்துவிட்டார், நன்கொடைக்கும் கேட்டிருக்கிறேன். டார்பாலை எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 3
அதைத் தொடவே வேண்டாம். கிட் டேகிலிருந்து (பதிப்பைக் குறிக்கும் அடையாளத்திலிருந்து) நீங்களே பில்ட் செய்யுங்கள், அந்தக் கமிட் ஹாஷை (அதன் தனி அடையாள எண்ணை) குறித்து வையுங்கள்.