காலியம் நைட்ரைடு பக் கன்வெர்ட்டர்: மேல் டிரான்சிஸ்டரின் கேட் மட்டும் ஏன் போகிறது?

சுற்றுப்பலகை:
48 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் சிங்க்ரோனஸ் பக் கன்வெர்ட்டர், 10 ஆம்பியர். முன்பு ஐஆர்எஃப்540என் சிலிக்கான் மாஸ்ஃபெட் ஜோடியோடு 150 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. இண்டக்டரைச் சிறிதாக்க 500 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி, மேலும் கீழும் இபிசி2001சி காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் போட்டாயிற்று.

டிரைவர்: 5 வோல்ட்டில் ஓடும் லாஜிக் லெவல் ஹாஃப் பிரிட்ஜ் டிரைவர். பூட்ஸ்ட்ராப் (மேல் கேட்டை ஓட்ட வோல்ட்டேஜ் தரும் சுற்று): வெளியே ஒரு ஷாட்கி டயோடு, 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். டெட் டைம் (இரண்டு டிரான்சிஸ்டரும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) பழையபடி 100 நானோசெகண்ட். கேட் ரெசிஸ்டர் 2.2 ஓம். நாலு லேயர் பிசிபி.

2 ஆம்பியர் வரை பிரச்சினை இல்லை. 6 ஆம்பியரைத் தாண்டினால் சில நிமிடங்களில் மேல் டிரான்சிஸ்டரின் கேட்டும் சோர்ஸும் ஷார்ட். கீழ் டிரான்சிஸ்டர் நன்றாகவே இருக்கிறது. ஸ்விட்ச் நோடில் (இரண்டு டிரான்சிஸ்டரும் இண்டக்டரும் சேரும் புள்ளி) ஸ்கோப் 85 வோல்ட் ஸ்பைக் காட்டுகிறது. அதுதான் காரணமா? கேட்டுக்குப் போவது 5 வோல்ட்தானே?

கேட்_காவல்:
ஸ்பைக் காரணம் இல்லை. ஸ்விட்ச் நோடு எகிறினால் அந்த வோல்ட்டேஜ் விழுவது கீழ் டிரான்சிஸ்டரின் டிரெய்னில். அதனால் செத்தால் கீழ் டிரான்சிஸ்டர்தான் சாக வேண்டும். மேலே, அதுவும் கேட் மட்டும் போகிறது என்றால் பூட்ஸ்ட்ராப் கப்பாசிட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த டிரான்சிஸ்டரில், சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்குள் தானாக இருக்கும் பாடி டயோடு கிடையாது. டெட் டைமில் இண்டக்டர் கரண்ட் கீழ் டிரான்சிஸ்டர் வழியே தலைகீழாகப் போக வேண்டும். டிரெய்ன், கேட்டை விடத் திரெஷோல்டு (டிரான்சிஸ்டர் ஆனாகத் தொடங்கும் வோல்ட்டேஜ்) அளவுக்குக் கீழே இறங்கினால்தான் சேனல் திறக்கும். அதனால் அரை ஆம்பியரிலேயே 1.7, 1.8 வோல்ட் விழும். 10 ஆம்பியரில் 2 வோல்ட்டைத் தாண்டும். ஸ்விட்ச் நோடு அந்த நேரம் மைனஸ் 2.2 என்று வையுங்கள். கப்பாசிட்டர் ஏறுவது 5 கழித்தல் டயோடு 0.3, கூட்டல் 2.2: மொத்தம் 6.9 வோல்ட். இந்தப் பாகத்தின் கேட் உச்ச வரம்பு 6 வோல்ட். சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்கு 20 வோல்ட் தாங்கும் என்பதால் பழைய பலகையில் இது கண்ணில் பட்டிருக்காது.

லோடு குறைவாக இருக்கும்போது தப்பிப்பதற்கும் காரணம் உண்டு. சின்ன கரண்ட் ஸ்விட்ச் நோடு கப்பாசிட்டன்ஸைக் காலி செய்து கீழே இறக்கவே 100 நானோசெகண்டில் பெரும்பகுதி போய்விடும். மைனஸில் நிற்கும் நேரம் கொஞ்சம்தான்.

பூட்ஸ்ட்ராப் டயோடோடு 4.7 ஓம் சீரிஸில் போடு என்று பலர் சொல்வார்கள். தனியாக அது உதவாது. ஒரு சுழற்சியில் கேட் எடுப்பது 7.5 நானோகூலும் அளவே. டெட் டைம் சுழற்சிக்கு இரண்டு முறை, மொத்தம் 200 நானோசெகண்ட். அதற்குள் அந்தச் சார்ஜை 4.7 ஓம் வழியே நிரப்ப 0.18 வோல்ட் வித்தியாசம் போதும். 6.9 என்பது 6.7 ஆகும், அவ்வளவுதான். டெட் டைமை 20க்கு இறக்கினால் அதே ரெசிஸ்டர் 0.9 வோல்ட் இறக்கும். அப்போதும் 6 வோல்ட்டின் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

சரியான வழி, பூட்ஸ்ட்ராப் வோல்ட்டேஜை உள்ளேயே 5 வோல்ட்டில் நிறுத்தும் டிரைவர். எல்எம்ஜி1205 அப்படிப்பட்டது. அதில் மேல், கீழ் உள்ளீடுகள் தனித்தனி. டெட் டைமை உங்கள் கன்ட்ரோலர்தான் தர வேண்டும், மறந்துவிடாதீர்கள். டிரைவரை மாற்ற முடியாவிட்டால் கப்பாசிட்டருக்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர், டயோடோடு 4.7 ஓம், டெட் டைம் 20. மூன்றும் சேர்ந்து.

முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். பூட்ஸ்ட்ராப் கப்பாசிட்டரின் இரு முனையிலும் பக்கத்திலேயே தலா ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் சால்டர் செய்து, அவற்றின் மறுமுனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட், அதில் மல்டிமீட்டர். மீட்டர் வயரை நேராக ஸ்விட்ச் நோடில் தொங்கவிட்டால் அது ஆன்டெனாவாகி ரீடிங்கையே கெடுக்கும்.

சுற்றுப்பலகை:
அளந்தேன். 1 ஆம்பியரில் 5.3, 5 ஆம்பியரில் 6.6. அதற்கு மேல் ஏற்றவில்லை. கீழ் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே ஒரு ஷாட்கி போட்டால் நோடு மைனஸ் 0.7க்கு மேல் இறங்காதே, அது எளிது இல்லையா?

லூப்_அளப்போன்:
100 நானோசெகண்ட் டெட் டைமோடு இருந்தால் ஓரளவு உதவும். ஆனால் கரண்ட் டிரான்சிஸ்டரிலிருந்து டயோடுக்கு மாற இடையில் உள்ள இண்டக்டன்ஸைத் தாண்ட வேண்டும். 2 நானோஹென்றி, தள்ளும் வோல்ட்டேஜ் வித்தியாசம் ஒன்றரை: நானோசெகண்டுக்கு 0.75 ஆம்பியர். 10 ஆம்பியர் முழுதாக மாற 13 நானோசெகண்ட் ஆகும். டெட் டைமை 20க்குக் குறைத்துவிட்டால் டயோடு வேலைக்கு வரும் முன்பே கதை முடிந்துவிடும். டயோடின் கப்பாசிட்டன்ஸ் மட்டும் ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் நஷ்டமாகக் கூடிக்கொண்டிருக்கும். நான் போடமாட்டேன்.

டெட் டைமை எப்படியும் குறைக்க வேண்டும், கேட்டைக் காப்பாற்ற மட்டுமல்ல. 2.2 வோல்ட், 10 ஆம்பியர், 200 நானோசெகண்ட், 500 கிலோஹெர்ட்ஸ்: பெருக்கினால் 2.2 வாட். 20 நானோசெகண்டுக்கு இறக்கினால் 0.44 வாட்.

அந்த 85 வோல்ட்டை நம்புவதற்கு முன் புரோப்பைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் கிரவுண்டு வயரும் முதலைக் கிளிப்பும் ஏறக்குறைய 150 நானோஹென்றி. புரோப்பின் 10 பிகோஃபாரடோடு சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸில் அதுவே அலறும். கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப் முனையில் மாட்டும் ஸ்பிரிங் கிரவுண்டால் கீழ் டிரான்சிஸ்டரின் சோர்ஸிலேயே தொடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைமே 3.5 நானோசெகண்ட், இந்த டிரான்சிஸ்டரின் எட்ஜ் அதைவிட வேகமானது, எனவே உண்மையான உருவம் அதில் தெரியாது.

அதற்குப் பிறகும் 80க்கு மேல் இருந்தால் லேயவுட்தான். இதற்கு அவலாஞ்ச் ரேட்டிங் கிடையாது. சிலிக்கான் மாஸ்ஃபெட் மாதிரி அதிக வோல்ட்டேஜை உடைந்து தாங்கிவிட்டு மறுபடி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2 நானோசெகண்டில் 10 ஆம்பியர் மாறினால் லூப்பின் (அந்தக் கரண்ட் சுற்றிவரும் பாதையின்) ஒவ்வொரு நானோஹென்றிக்கும் 5 வோல்ட். உள்ளீட்டுக் கப்பாசிட்டர்கள், மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் மூன்றும் மேல் லேயரில் வரிசையாக. திரும்பும் பாதை நேர் கீழே இரண்டாவது லேயரில், இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்குள். திரும்பும் பாதையை அடி லேயரில் விட்டால் முழு 1.6 மில்லிமீட்டரும் லூப்பில் சேரும். கப்பாசிட்டர் எக்ஸ்7ஆர் வகை செராமிக், 100 வோல்ட். 48 வோல்ட் பயாஸில் அதன் மதிப்பு நன்றாகவே குறையும் என்பதால் எண்ணிக்கையில் தாராளமாக இருங்கள்.

ஒரே 2.2 ஓம் ரெசிஸ்டர் ஆனுக்கும் ஆஃபுக்கும் என்பதும் சரியில்லை. திரெஷோல்டு குறைந்தபட்சம் 0.8 வோல்ட் வரை வரலாம். மேல் டிரான்சிஸ்டர் ஆனாகும்போது கீழ் கேட்டை மில்லர் கரண்ட் (டிரெய்ன் வோல்ட்டேஜ் எகிறும்போது கேட்டுக்குள் பாய்வது) தூக்கிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கரண்டைக் கடத்தும். ஆனுக்கு 2.2 முதல் 4.7 ஓம், ஆஃபுக்கு சைபர். எல்எம்ஜி1205இல் இரண்டுக்கும் தனித்தனிப் பின்.

சுற்றுப்பலகை:
நன்றி சார். இவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டிய பொருள் என்றால் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? சிலிக்கான் கார்பைடோ காலியம் ஆர்சனைடோ இந்த இடத்துக்கு ஆகாதா?

படிகத்தளம்:
பேண்ட் கேப் சிலிக்கானுக்கு 1.12, காலியம் ஆர்சனைடுக்கு 1.42, சிலிக்கான் கார்பைடுக்கு 3.26, காலியம் நைட்ரைடுக்கு 3.4 எலக்ட்ரான் வோல்ட். பேண்ட் கேப் பெரிதானால் தாங்கும் மின்புலமும் கூடும். காலியம் நைட்ரைடு சென்டிமீட்டருக்கு 3 மெகாவோல்ட்டுக்கு மேல் தாங்குகிறது, சிலிக்கான் 0.3 தான். அதே 100 வோல்ட்டுக்குக் கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையே வேண்டிய தூரம் பல மடங்கு சுருங்கும். தூரம் சுருங்கினால் ரெசிஸ்டன்ஸும் குறையும், சிப்பும் கேட் சார்ஜும் சிறிதாகும்.

இன்னொன்று இந்தப் பொருளுக்கே உரியது. காலியம் நைட்ரைடின் மேல் மெல்லிய அலுமினியம் காலியம் நைட்ரைடு அடுக்கை வளர்த்தால், இரண்டின் துருவமுனைப்பு வேறுபாட்டால் இடைமுகத்தில் எலக்ட்ரான்கள் ஒரு தாளைப்போலத் தானாகவே சேரும், டோப்பிங்கே வேண்டாம். மாசு அயனிகளில் மோதாமல் ஓடுவதால் அவற்றின் மொபிலிட்டி (நகரும் எளிமை) வோல்ட்-வினாடிக்கு 1500 முதல் 2000 சதுர சென்டிமீட்டர் வரை. இதனால் இயல்பில் இது எப்போதும் ஆன் நிலையில் இருக்கும் டிரான்சிஸ்டர். கேட்டுக்கு அடியில் பி-வகை அடுக்கு வைத்து வலுக்கட்டாயமாக ஆஃப் செய்கிறார்கள். சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் ஆக்ஸைடு இங்கே இல்லை. கேட் ஏறக்குறைய ஒரு டயோடு. 6 வோல்ட் வரம்பு அங்கிருந்துதான் வருகிறது.

சிலிக்கான் கார்பைடு 650 முதல் 1700 வோல்ட் வரையிலான இன்வெர்ட்டர், மின்வாகன டிரைவ் வேலைக்கு. பாடி டயோடு உண்டு, அவலாஞ்ச் தாங்கும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்; கேட்டுக்கு 15 முதல் 18 வோல்ட் கேட்கும். 48 வோல்ட்டில் அதற்கு வேலை இல்லை. காலியம் ஆர்சனைடின் வெப்பக் கடத்தல் சிலிக்கானில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் இடம் கைப்பேசியின் ஆர்எஃப் பவர் ஆம்ப்ளிஃபையர், லேசர் டயோடு, விண்கலச் சோலார் செல்.

650 வோல்ட் காலியம் நைட்ரைடு பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. ஆஃபில் உயர் வோல்ட்டேஜ் தாங்கி நின்ற பிறகு சில எலக்ட்ரான்கள் குறைபாடுகளில் சிக்கி, ஆன் ரெசிஸ்டன்ஸ் தற்காலிகமாகக் கூடும். டேட்டா ஷீட்டின் டிசி மதிப்பை வைத்து நஷ்டம் கணக்கிட்டால் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

சிலிக்கான்_கட்சி:
ஐஆர்எஃப்540என்னோடு ஒப்பிட்டால் எதுவும் அற்புதமாகத்தான் தெரியும். 44 மில்லிஓம், 71 நானோகூலும் கேட் சார்ஜ், டயோடு ரிக்கவரி (பாடி டயோடு அணையும்போது காலி செய்ய வேண்டிய சார்ஜ்) 505 நானோகூலும். அந்த ரிக்கவரி மட்டும் 48 வோல்ட், 150 கிலோஹெர்ட்ஸில் 3.6 வாட், 500 கிலோஹெர்ட்ஸில் 12 வாட். பழைய பாகம். இன்றைய 100 வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட் ஒன்றை 200 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் பாதித் தலைவலி தீரும். ரிப்பிள் (இண்டக்டர் கரண்டின் ஏற்ற இறக்கம்) 3 ஆம்பியர் என்று வைத்தால் இண்டக்டர் 500 கிலோஹெர்ட்ஸுக்கு 6 மைக்ரோஹென்றி, 200க்கு 15. அந்த இடம் உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

லூப்_அளப்போன்:
நியாயமான கேள்விதான். இடம் இல்லை என்றால் மட்டும் 500.

ரீஃப்ளோ_மேசை:
செத்த சிப்பை மாற்றும்போது கவனியுங்கள். 4.1க்கு 1.6 மில்லிமீட்டர் வெற்று சிப்; பேட் பட்டைகள் 0.4 மில்லிமீட்டர் பிட்ச். சாதாரண சால்டரிங் அயர்ன் ஆகாது. பழைய சால்டரை விக் வைத்து முழுக்க எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, அடியிலிருந்து பலகையைச் சூடாக்கி, மேலே ஹாட் ஏர். ட்வீஸரால் சிப்பை அழுத்தாதீர்கள், ஓரத்தில் விரிசல் விழும். பட்டைகளுக்கு இடையே ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் வோல்ட்டேஜில் லீக்கேஜ் வரும். ஐசோபுரோப்பைலில் நன்றாகக் கழுவுங்கள்.

மேல் பக்கம் ஹீட்சிங்க் வைக்கும் எண்ணம் இருந்தால்: சிப்பின் முதுகு சோர்ஸின் வோல்ட்டேஜில் நிற்பது. கீழ் டிரான்சிஸ்டருக்கு அது கிரவுண்டு. மேல் டிரான்சிஸ்டருக்கு அது ஸ்விட்ச் நோடு. ஒரே அலுமினியத் தகட்டை இரண்டுக்கும் வெறும் பேஸ்ட் போட்டு ஒட்டினால் ஸ்விட்ச் நோடு கிரவுண்டோடு ஷார்ட். மின்கடத்தாத தெர்மல் பேட் வேண்டும். அழுத்தம் சிப்பின் மேல் அல்ல, சுற்றியுள்ள ஸ்பேசர்களின் மேல் விழும்படி திருகுங்கள்.