எம்டிஏ சான் ஆண்ட்ரியாஸ்: வேகம் கூடினால் ஓட்டுநர் கேமரா பின்சீட்டுக்குப் போகிறது

கேள்வி:
வணக்கம். எம்டிஏவுக்கு (ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டைப் பலர் இணையத்தில் சேர்ந்து ஆட வைக்கும் மல்டி தெஃப்ட் ஆட்டோ) லுவா நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். காரில் ஏறியதும் கேமரா ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். வண்டி நிற்கும்போது எல்லாம் சரி. ஸ்டியரிங், டாஷ்போர்டு, பானெட் எல்லாம் அழகாகத் தெரிகிறது. ஓட்டத் தொடங்கினால்தான் சிக்கல். வேகம் கூடக் கூடக் கேமரா பின்னால் நகர்கிறது. நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போனால் சீட்டின் முதுகுதான் தெரிகிறது. பிரேக் பிடித்தால் மறுபடி முன்னால் வந்துவிடுகிறது.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படத்துக்கும்) ஓடும் ஆன்கிளையன்ட்ரெண்டர் நிகழ்வில் ஓட்டுநரின் தலை எலும்பின் இடத்தை எடுக்கிறேன். அதற்கான ஃபங்ஷன் கெட்பெட்போன்பொசிஷன், எலும்பு எண் 8. அதை அப்படியே கேமராவை வைக்கும் செட்கேமராமேட்ரிக்ஸுக்குக் கொடுக்கிறேன். அசைவை மென்மையாக்கலாம் என்று பழைய இடத்தையும் புது இடத்தையும் கலந்து பார்த்தால் இன்னும் பின்னால் போகிறது. போதாததற்கு, வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் அடிவானம் நேராகவே நிற்கிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

பதில் 1:
நிகழ்வை மாற்றுங்கள் ப்ரோ. ஆன்கிளையன்ட்ரெண்டர் ஓடும்போது அந்த ஃபிரேமின் காட்சி வரையப்பட்டு முடிந்திருக்கும். அங்கே நீங்கள் வைக்கும் கேமரா அடுத்த ஃபிரேமில்தான் பயன்படும், அதற்குள் வண்டி முன்னே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 55 மீட்டர். நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல். உங்கள் கேமரா பின்சீட்டுக்குப் போகும் தூரம் அதுதான். சராசரி எடுப்பது தாமதத்தை இன்னும் கூட்டும், அதைத் தூக்கிவிடுங்கள். காட்சி வரையப்படுவதற்கு முன் ஓடும் ஆன்கிளையன்ட்பிரீரெண்டர் நிகழ்வில் கேமராவை வையுங்கள். திரையில் எழுத்து, மீட்டர் வரைவதற்கு மட்டும் ரெண்டர் நிகழ்வு போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அதோடு தலை எலும்பையும் விட்டுவிடுங்கள். அது அனிமேஷனோடு ஆடும், பைக்கில் கேட்கவே வேண்டாம். வண்டியிலிருந்தே எல்லாவற்றையும் எடுங்கள். கெட்எலிமென்ட்மேட்ரிக்ஸ் நான்கு வரிசை தரும்: முதலாவது வலப்பக்கத் திசை, இரண்டாவது முன் திசை, மூன்றாவது மேல் திசை, நான்காவது வண்டியின் இடம். கண் எங்கே என்பதை இந்த மூன்று திசைகளில் இவ்வளவு மீட்டர் என்று வைத்துக் கூட்டினால் வண்டி எப்படிப் புரண்டாலும் கேமரா ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு மாடலுக்கும் எண்களைக் கையால் எழுத வேண்டாம். கெட்வெஹிகிள்மாடல்டம்மிபொசிஷனில் முன்சீட்டின் இடம் கிடைக்கும். ஆனால் அது வலப்பக்கம் இருக்கும் பயணியின் சீட். ஓட்டுநருக்கு எக்ஸ் மதிப்பின் குறியை மாற்றிக்கொள்ளுங்கள். அது இடுப்பு உயரம் என்பதால் மேல் திசையில் 0.6 கூட்டித் தொடங்கி, பார்த்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடிவானத்துக்கு: செட்கேமராமேட்ரிக்ஸ் எந்த இடத்திலிருந்து எந்தப் புள்ளியைப் பார்க்கிறோம் என்பதை மட்டும்தான் கேட்கிறது, சாய்வு அதற்குத் தெரியாது. ஏழாவது மதிப்பான ரோலை (பக்கவாட்டுச் சாய்வுக் கோணம்) நீங்கள்தான் கொடுக்க வேண்டும். முதல் வரிசையின் மூன்றாம் எண்ணையும் மூன்றாம் வரிசையின் மூன்றாம் எண்ணையும் இங்கே சொன்ன முறையிலேயே அடுத்தடுத்து ஏடேன்2க்கு (இரண்டு எண்களிலிருந்து கோணம் தரும் ஃபங்ஷன்) கொடுத்து, விடையை மேத்.டெக் வழியாக டிகிரிக்கு மாற்றுங்கள். சரிவில் பக்கவாட்டாக நிறுத்திச் சோதியுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஒரு கழித்தல் குறி போதும்.

கேட்டவர்:
அருமை! கேமரா இப்போது அசையவே இல்லை, மலைப்பாதையில் சாய்வும் வருகிறது. மிக்க நன்றி. இப்போது ஓட்டுநரின் முகத்தின் உட்பக்கம் திரையை மறைக்கிறது. உருவத்தை மறைக்க செட்எலிமென்ட்ஆல்ஃபா 0 கொடுத்தால் ஸ்டியரிங் பிடித்த கையும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. கை தெரிந்தால்தான் ஓட்டுகிற உணர்வு வருகிறது.

பதில் 2:
கிளையன்ட் பக்கம் (உங்கள் கணினியில் ஓடும் ஸ்கிரிப்டில்) செட்பெட்ஹெட்லெஸ் கொடுங்கள். உங்கள் திரையில் தலை மட்டும் போகும், கை இருக்கும், மற்ற ஆட்டக்காரர்களுக்கு எதுவும் மாறாது. டாஷ்போர்டு வெட்டுப்பட்டால் செட்நியர்கிளிப்டிஸ்டன்ஸை (கேமராவுக்கு எவ்வளவு அருகிலிருந்து வரையத் தொடங்க வேண்டும் என்ற தூரம்) 0.1 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போகாது. குறைத்தால் தூரத்துக் கட்டடங்கள் மினுங்கக்கூடும், தேவையான அளவு மட்டும் குறையுங்கள்.

பதில் 3:
விமானத்துக்கும் இதைப் பயன்படுத்தினால் ஒன்று கவனியுங்கள். மூக்கு நேர் மேலே போகும் இடத்தில் ஏடேன்2க்குக் கொடுக்கும் அந்த இரண்டு எண்களும் பூஜ்ஜியத்தை நெருங்கும், ரோல் சட்டென்று குதிக்கும். அந்தச் சில ஃபிரேம்களில் முந்தைய ரோலையே வைத்துக்கொள்வது நான் செய்யும் வழி. மவுஸால் பக்கத்தில் திரும்பிப் பார்க்க வைத்தால், வலம், மேல் திசைகளையும் அதே கோணத்தில் திருப்பிவிட்டு ரோலைக் கணக்கிடுங்கள்.

அப்புறம், இறங்கும் நிகழ்வை மட்டும் நம்பாதீர்கள். வண்டி அழிக்கப்பட்டாலோ ஆட்டக்காரர் இறந்தாலோ கேமரா அந்தரத்தில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆட்டக்காரர் எந்த வண்டியில் இருக்கிறார் என்று சொல்லும் கெட்பெட்ஆக்குபைடுவெஹிகிள் பாருங்கள். வண்டி இல்லை என்றால் செட்கேமராடார்கெட்டில் உங்கள் ஆட்டக்காரரையே கொடுத்து, தலையையும் நியர் கிளிப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரிசோர்ஸ் (உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் தொகுப்பு) நிற்கும் நிகழ்விலும் இதையே செய்யுங்கள்.