மறு: ஜெயில்பிரேக், ரூட், அன்லாக், சைட்லோட் - ஒரே சொல் போதாது

எல்லாருக்கும் வணக்கம்,

ஜெயில்பிரேக், ரூட், அன்லாக், சைட்லோட்ங்கற ஆங்கிலச் சொற்களுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசற இந்த இழைல இதுவரைக்கும் வந்த சொற்கள ஒண்ணா வச்சு பார்த்தேன்: சிறையுடைப்பு, பூட்டுடைப்பு, தடைநீக்கம், கட்டுடைப்பு, வேராக்கம், பக்கவேற்றம். ஒவ்வொண்ணுக்கும் நல்ல வாதம் வந்திருக்கு. ஆனா போன்ல கம்பெனிக்காரங்க போட்ட தடைய பயனர் தாண்டிப் போறதுங்கறத ஒரே வேலையா எடுத்துக்கிட்டு அதுக்கு ஒரு சொல் தேடிட்டு இருக்கோம், எனக்கு இடிக்கறது அங்கதான். தடைய யார் போட்டாங்க, அதுக்கு சாவின்னு ஒண்ணு இருக்கா, இருந்தா யார்கிட்ட இருக்கு, அவங்களே குடுத்தாங்களா இல்ல நாமளா வழி பண்ணிக்கிட்டோமா, இத வச்சு பிரிச்சா குறைஞ்சது நாலு வேலை இருக்கு. நாலுக்கும் தனித்தனி சொல் வேணும். கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஜெயில்பிரேக். யூனிக்ஸ்ங்கற பழைய இயங்குதளத்துல ஒரு ப்ரோக்ராமுக்கு முழு டிஸ்க்கையும் காட்டாம ஒரே ஒரு ஃபோல்டர காட்டி உலகமே இவ்வளவுதான்னு நம்ப வைக்கற வசதி ரொம்ப பழசு. யூனிக்ஸ் வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியோட 4.0 பதிப்பு 2000-ல வந்தப்போ அத இன்னும் இறுக்கி ஜெயில்னே பேர் வச்சாங்க. 2007 ஜூன் 29 ஐபோன் விற்பனைக்கு வந்தப்போ அத கம்ப்யூட்டர்ல சொருகினா ஐட்யூன்ஸ் வழியா பாட்டும் படமும் இருக்கற மீடியா ஃபோல்டர் மட்டும்தான் கைக்கு எட்டும், அதுக்கு மேல ஒரு படி ஏற முடியாது. அதுலேர்ந்து வெளிய வந்து முழு ஃபைல் சிஸ்டத்தையும் தொடறதுக்கு ஜூலை மாசமே வழி கண்டுபிடிச்சாங்க, அந்த வேலைக்கு வந்த பேர்தான் ஜெயில்பிரேக். அப்ப ஆப் ஸ்டோரே கிடையாது, அது 2008 ஜூலைல வந்தது. ஜெயில்பிரேக் பண்ண போனுக்குன்னு ஜே ஃப்ரீமன் எழுதின சிடியாங்கற ஆப் கடை அதுக்கு சில மாசம் முன்னாடியே வந்தாச்சு. ஆகவே முதல் ஒரு வருஷம் வெளியார் எழுதின ஆப் ஒண்ண ஐபோன்ல போடணும்னா ஜெயில்பிரேக் பண்ணித்தான் ஆகணும்.

இப்ப 'சிறையுடைப்பு'ன்னு எழுதினா தமிழ்ல பேப்பர் படிக்கற எவருக்கும் கைதிங்க சுவரேறி தப்பிச்ச செய்திதான் கண்ணு முன்னாடி வரும். இங்க முழு காசு குடுத்து வாங்கின ஒருத்தர் தன் சொந்த போன்ல என்ன ஓடணும்னு தானே முடிவு பண்றாரு. அவர கைதியாவோ கைதிக்கு கூட்டாளியாவோ காட்டற சொல்ல நாம ஏன் கையால எடுத்து குடுக்கணும்? மூலச் சொல்லுல அந்த ஜெயில் ஒரு ஃபோல்டர்ங்கறது அந்த துறைக்காரங்களுக்கு தெரியும், தமிழ்ல வந்து சேரும்போது அந்த அர்த்தம் வழியிலயே கழண்டுடுது.

அடுத்து அன்லாக், அதாவது சிம் பூட்ட திறக்கறது. இத ஜெயில்பிரேக்கோட சேர்த்து ஒரே சொல்லுக்குள்ள அடைக்க முடியாதுங்கறதுக்கு ஐபோன் கதையே சாட்சி. அமெரிக்காவுல அந்த போன் ஏடி&டி நெட்வொர்க்ல மட்டும்தான் வேலை செய்யும்னு ஒப்பந்தம். 2007 ஆகஸ்ட்ல நியூஜெர்சியச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ், அப்ப 17 வயசு, போன பிரிச்சு உள்ள சால்டரிங் பண்ணி வேற கம்பெனி சிம் ஓட வச்சாரு. அப்படி அன்லாக் பண்ண ஒரு போன குடுத்துட்டு பதிலுக்கு ஒரு நிஸான் காரும் மூணு புது ஐபோனும் வாங்கிக்கிட்டாரு. அவர் உடைச்சது நெட்வொர்க் பூட்டு. மீடியா ஃபோல்டர் தாண்டறது வேற, இது வேற. ரெண்டுக்கும் 'தடைநீக்கம்'னு போட்டா இந்த ஒரு பத்திய கூட தமிழ்ல ஒழுங்கா எழுத முடியாது.

சட்டம் பக்கம் போனா இன்னும் தெளிவா தெரியும். அமெரிக்காவுல 1998-ல வந்த டிஎம்சிஏங்கற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி டிஜிட்டல் பூட்ட தாண்டறது தப்பு, ஆனா அந்த நாட்டு நாடாளுமன்ற (காங்கிரஸ்) நூலகத்தோட தலைவர் மூணு வருஷத்துக்கு ஒருமுறை விலக்கு குடுக்கலாம். டிஜிட்டல் உரிமைக்காக போராடற இஎஃப்எஃப் அமைப்பு கேட்டு, ஆப்பிள் எதிர்த்து, கடைசில 2010 ஜூலை 26 அன்னைக்கு போன ஜெயில்பிரேக் பண்றதுக்கு விலக்கு கிடைச்சது. நெட்வொர்க் மாத்த அன்லாக் பண்றதுக்கு அதே நாள் தனியா இன்னொரு விலக்கு. அடுத்த சுத்து 2012-ல வந்தப்போ ஜெயில்பிரேக் விலக்கு தொடர்ந்தது, அன்லாக் விலக்க சுருக்கிட்டாங்க, 2013 ஜனவரி 26-க்கு அப்புறம் வாங்கற புது போன கம்பெனி அனுமதி இல்லாம அன்லாக் பண்ணா சட்டவிரோதம்னு ஆயிடுச்சு. ஒரு லட்சம் பேருக்கு மேல வெள்ளை மாளிகை மனுவுல கையெழுத்து போட்டு, 2014 ஆகஸ்ட் 1 ஒபாமா தனிச் சட்டத்துல கையெழுத்து போட்ட பிறகுதான் அது சரியாச்சு. நடுவுல ஒன்றரை வருஷம் ஒண்ணு செல்லும், இன்னொண்ணு செல்லாது. இந்த செய்திய ஒரே சொல்ல வச்சுக்கிட்டு மொழிபெயர்த்து பாருங்க, 'தடைநீக்கம் சட்டப்படி சரி, தடைநீக்கம் சட்டப்படி தப்பு'ன்னு வரும்.

சரி, என் பரிந்துரை. பூட்டு, தளை ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கலாம். பூட்டுன்னா சாவித் துவாரம் இருக்கறது, சாவி யார்கிட்டயோ இருக்கு. நெட்வொர்க் பூட்டுக்கு கோட் நம்பர் ஏர்டெல்லோ ஏடி&டியோ யார் போட்டாங்களோ அவங்ககிட்ட இருக்கும். பூட்லோடர், அதாவது போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்த ஏத்தற ப்ரோக்ராம், அதுக்கு போடற பூட்டும் அப்படித்தான். ஷாவ்மி போன்ல அக்கவுண்ட் போட்டு விண்ணப்பிச்சு பல பேர் 168 மணி நேரம் காத்திருந்து அன்லாக் பண்ணியிருப்போம், அந்த சாவிய கம்பெனியே தருது. இது பூட்டுத்திறப்பு. ஹாட்ஸ் மாதிரி சாவி இல்லாம பண்ணா பூட்டுடைப்பு. இழைல முன்னாடி வந்த சொல்லுதான், அதுக்கு சரியான இடம் இது.

தளைக்கு சாவித் துவாரமே கிடையாது. உங்க ஐபோன ஜெயில்பிரேக் பண்ணித் தாங்கன்னு ஆப்பிள்கிட்ட கேக்கறதுக்கு ஒரு ஃபார்ம் கூட இல்ல. அமைப்புக்குள்ள இருக்கற ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சு அது வழியா போய் அறுக்கறது ஒண்ணுதான் வழி. அதனால தளையறுப்பு. வினையாவும் சிக்கலில்லாம வரும்: தளையறுத்தேன், தளையறுத்த போன், தளையறுக்க முடியாத மாடல். 'தளைநீக்கம்'னு ஒரு தோழி எனக்கு தனி மடல்ல சொன்னாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா நீக்கம்னா கம்பெனியே நீக்கினதாவும் படிக்கலாம். அறுப்புல யார் கை அதுல இருக்குன்னு சந்தேகம் வராது.

ரெண்டு ஆட்சேபம் வரும்னு தெரியும். ஒண்ணு, தளை யாப்புச் சொல்லாச்சேன்னு. வெண்டளையும் இந்த தளையும் ஒரே 'கட்டு'ங்கற பொருள்ல பிறந்ததுதான், மரபுப்பா எழுதறவங்க ஐபோன் கட்டுரைல குழம்ப மாட்டாங்க. ஆனா கட்டுடைப்புக்கு இந்த சலுகைய என்னால குடுக்க முடியாது. அது ஒரு படைப்ப பிரிச்சுப் போட்டு அதோட உள்முரண காட்டற முறைக்கு (டீகன்ஸ்ட்ரக்ஷன்) இலக்கிய விமர்சனத்துல ஆழமா ஊன்றிப் போன சொல், தொழில்நுட்பத்த பத்தி சமூக விமர்சனமா எழுதற ஒரே கட்டுரைக்குள்ள ரெண்டு அர்த்தமும் மோதிக்கும். இன்னொரு ஆட்சேபம் பெருசு: யாரும் பயன்படுத்த, மாத்த, பகிர உரிமம் இருக்கற கட்டற்ற மென்பொருள தளையறு மென்பொருள்னும் எழுதற வழக்கம் இருக்கு, தளையறுத்த ஐபோன்னா உள்ள இருக்கறது எல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆயிடுச்சுன்னு யாராவது நினைப்பாங்களா? நினைக்க வாய்ப்பிருக்கு. ஆனா கட்டற்ற மென்பொருள்ங்கற வழக்குதான் இப்ப பரவலா நிக்குது, அத உரிமத்துக்கு வச்சுக்கிட்டு தளையறுப்ப போனுக்கு விட்டுக் குடுக்கலாம்னு கேக்கறேன்.

இன்னொரு வசதியும் இருக்கு. போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கம்ப்யூட்டர் துணையில்லாம எழுந்திருக்காத தளையறுப்பு வகைய ஆங்கிலத்துல கயிறு கட்டினதுன்னு (டெதர்டு) சொல்றாங்க. போன் நெட்ட லேப்டாப்புக்கு குடுக்கறதுக்கும் அதே கயிறுதான். அதனால நாம கயித்த மொழிபெயர்க்க வேண்டாம், நிலைத்த தளையறுப்பு, நிலையாத் தளையறுப்பு போதும்.

ரூட்டுக்கு வர்றேன். வேராக்கம், வேர்பிடித்தல் ரெண்டுமே என்ன நடக்குதுன்னு சொல்லல. நடக்கறது என்ன? அந்த கருவில எதையும் படிக்க, எழுத, அழிக்க முடியற பயனரா ஆகறது. ஆண்ட்ராய்டுல இது முதல்ல நடந்த விதம் எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. 2008-ல வந்த டி-மொபைல் ஜி1, இழுத்தா கீபோர்டு வெளிய வர்ற போன். அதுல ஒரு பிழை: எந்த ஆப்ல எத டைப் பண்ணாலும் அந்த எழுத்தெல்லாம் பின்னால முழு அதிகாரத்தோட ஓடிட்டிருந்த ஒரு ஷெல்லுக்கும் (கட்டளைய வாங்கி நிறைவேத்தற ப்ரோக்ராம்) போய்ச் சேர்ந்துட்டிருந்தது. ஒருத்தர் சாட்ல ரீபூட்ங்கற வார்த்தைய ஆங்கிலத்துல அடிச்சு என்டர் தட்டினாரு, போன் உடனே அணைஞ்சு திரும்ப எழுந்துச்சு. அதே மாதிரி டெல்நெட் சர்வர் பேர டைப் பண்ணி, வெளிலேர்ந்து உள்ள நுழைஞ்சு ரூட் ஆயிட்டாங்க. அடுத்த அப்டேட்ல அடைச்சுட்டாங்க. அதனால ரூட் பயனருக்கு முதற்பயனர், ரூட் பண்றதுக்கு முதலுரிமை பெறல். இது தளையறுப்பாலயும் வரலாம், பூட்டுத்திறப்பு பண்ணி மேஜிஸ்க்ங்கற ரூட் கருவிய போட்டும் வரலாம், ஆகவே ரெண்டோடயும் ஒட்டாம தனியா நிக்கணும்.

இதெல்லாம் வெறும் ஆர்வலர் விளையாட்டு, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்னு ஒரு நண்பர் கேட்டிருந்தாரு. தமிழ் எழுதறவங்க இத கேக்கலாமா? ஆண்ட்ராய்டு 2.2, 2.3 காலத்துல நெறய போன்ல தமிழ் வெறும் கட்டம் கட்டமா தெரியும். அத சரி பண்ண ரூட் பண்ணி, படிக்க மட்டும்னு இருந்த சிஸ்டம் பகுதிய எழுதக்கூடியதா மாத்தி மவுண்ட் பண்ணி, தமிழ் எழுத்து சேர்த்த எழுத்துருவ பழைய எழுத்துரு இருந்த இடத்துல வச்சு, அந்த ஃபைலோட அனுமதி எண்ண சரியா போட்டு ரீபூட் பண்ணணும். அப்பவும் எழுத்துகள கோக்கற இன்ஜின் தமிழுக்கு இல்லாததால கொம்பு ககரத்துக்கு பின்னால போய் நிக்கும், 'கொ' மூணு துண்டா உடைஞ்சு கிடக்கும். இருந்தாலும் கட்டத்துக்கு அது எவ்வளவோ மேல்னு எத்தன பேர் பண்ணாங்க. ஐபோன்லயும் 2014-ல ஐஓஎஸ் 8 வர்ற வரைக்கும் வெளியார் எழுதின கீபோர்ட எல்லா ஆப்லயும் பயன்படுத்த தளையறுத்தாதான் வழி. தன் மொழிய தன் போன்ல படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் நம்ம ஆளுங்க செஞ்ச வேலைக்கு நம்ம மொழில பேர் இல்லாம இருக்கறது எனக்கு நெஜமாவே வலிக்குது.

பாதுகாப்பு போயிடும்னு சொல்றதுல நியாயம் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. வங்கி ஆப் நெறய இதனாலதான் ரூட் பண்ண போன்ல திறக்காது. ஆனா 2011 ஜூலைல ஜெயில்பிரேக்மீ தளம் பிடிஎஃப் எழுத்துரு ஓட்டைய வச்சு சஃபாரி வழியாவே தளையறுத்தப்போ, ஆப்பிள் அடைக்கறதுக்கு முன்னாடி அந்த ஓட்டைக்கு ஒட்டு கிடைச்சது சிடியாவுல, தளையறுத்தவங்களுக்கு மட்டும். இணைய அகராதியான விக்சனரில எழுதற விளக்கத்துல அபாயம்னு மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க.

கடைசியா சைட்லோட், அதாவது போனோட அதிகாரபூர்வ ஆப் கடை வழியா இல்லாம ஆப் போடறது. பக்கவேற்றம் எனக்கு உடன்பாடில்ல. கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல இறக்கி போட்டா அதுக்கு நிறுவல்னு மட்டும்தான் பேரு, போன்ல பண்ணா மட்டும் ஏதோ பக்கத்து சந்து வழியா வந்த மாதிரி ஏன் சொல்லணும்? இதுக்கு தளையறுக்கவோ முதலுரிமை பெறவோ தேவையே இல்லைங்கறதும் சொல்லுல தெரியணும். 2010-ல ஏடி&டி தன் ஆண்ட்ராய்டு போன்ல, மோட்டரோலா பேக்ஃப்ளிப்லேர்ந்து ஆரம்பிச்சு, வெளி ஆப் போட அனுமதிக்கற அந்த டிக் பெட்டியவே செட்டிங்ஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க, கம்ப்யூட்டர்ல போன சொருகி ஏடிபிங்கற கருவி வழியா போட்டா மட்டும் போகும். திரும்ப பெட்டி வந்தது 2011-ல சாம்சங் இன்ஃப்யூஸ் போன்ல. இப்ப 2025 ஆகஸ்ட்ல கூகுள், அடையாளம் சரிபார்த்த டெவலப்பர் எழுதின ஆப் மட்டும்தான் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்ல நிறுவ முடியும்னு, 2026-ல நாலு நாட்டுல தொடங்கறதா அறிவிச்சப்போ உலகம் முழுக்க சண்டை வந்தது இந்த சொல்ல சுத்தித்தான். என் பரிந்துரை நேர்நிறுவல். 'கடைசாரா நிறுவல்'னு ஒரு ஐயா சொன்னது பொருள்ல இன்னும் துல்லியம், ஆனா எஃப்-டிராய்டு மாதிரி வேற கடைலேர்ந்து போடறதும் சைட்லோட்னுதான் சொல்றாங்க, ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 மார்ச்லேர்ந்து ஐபோன்லயே வேற கடை வந்தாச்சு, அங்க அந்த சொல் பொய் ஆயிடும். நேர்நிறுவலும் அந்த இடத்துல கொஞ்சம் தடுமாறுதுங்கறது உண்மை.

அதனால நேர்நிறுவல் பத்தி மட்டும் இன்னும் கருத்து வேணும், குறிப்பா ஆண்ட்ராய்டு இடைமுகத்த தமிழாக்கம் பண்ண அனுபவம் இருக்கறவங்க எழுதுங்க. தளையறுப்பு, பூட்டுத்திறப்பு, பூட்டுடைப்பு, முதற்பயனர், முதலுரிமை பெறல் இதுக்கு பெரிய எதிர்ப்பு வரலைன்னா விக்சனரில பதிவு போடற வேலைய நான் எடுத்துக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் வேணும், உங்ககிட்ட இருந்தா இழைலயே போடுங்க.