பழைய புல்லட் 350: ரோலர் ராக்கர் போடலாமா?

மலைப்பாதை: 1994 காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) புல்லட். ஏற்காடு ஏறும்போது இரண்டாவது கியரிலேயே திணறுகிறது. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலில் உருளை வைத்த ரோலர் ராக்கர் போட்டால் இழுவை கூடுமா அண்ணே?

பட்டறைக்காரன்: தம்பி, ரோலர் உராய்வைத்தான் குறைக்கும். வால்வு அதிகம் திறக்க ராக்கர் ரேஷியோ, அதாவது நெம்புகோலின் இரு கை நீள விகிதம், மாறணும். அப்போது வால்வு ஸ்பிரிங் முழுசா நசுங்கி முட்டுகிறதா என்றும் பார்க்கணும். முதலில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, வால்வுக்குப் போகும் துளையான போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள். வால்வு ஓரத்தில் ஈரம் கசிந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போவது அங்கேதான். வால்வு உட்காரும் சீட்டை வெட்டி, வால்வோடு தேய்த்து லேப் பண்ணுங்கள், வால்வுத் தண்டைப் பிடிக்கும் கைடு ஆடினால் மாற்றுங்கள். அந்த வேலைக்குத்தான் காசு செலவழிக்கணும்.

ஒற்றைசிலிண்டர்: டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) முக்கியம். ஆறிய இன்ஜினில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் விரலால் சுழலணும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

மலைப்பாதை: சரி அண்ணே, ஞாயிறு ஹெட்டைக் கழற்றுகிறேன். வால்வைப் படம் எடுத்துப் போடுகிறேன்.