ரூபி லேசரை நேரில் கண்டவர்கள், அதன் ஒளி பட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

பேட்டை வாசகர்

என் மதினியின் இடது முன்கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது. சிறுமியாக இருந்தபோது காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அவருடைய ஆச்சி குத்த வைத்தது. 1990களின் கடைசியில் நாங்கள் அனைவரும் வளைகுடா நாட்டில் இருந்தபோது, அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ரூபி லேசர், அதாவது மாணிக்கப் படிகத்திலிருந்து சிவப்பு ஒளி தரும் கருவி, கொண்டு அதை நீக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி அணிந்து நானும் அறைக்குள் நின்றேன். ஒவ்வொரு முறை ஒளி பட்டபோதும் ‘டப்’ என்று ஓர் ஓசை எழுந்தது. அடுத்த கணமே தேளின் கொடுக்கு சுண்ணாம்பு தடவியதைப் போல வெளுத்தது. அந்த வெண்மை சிறிது நேரத்தில் மறைந்துவிட்டது.

சில மாதங்களில் பச்சையும் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் தோலின் நிறமும் போய், அதே தேள் வெளிறிய உருவமாக நின்றது. இன்றும் கல்யாண வீடுகளுக்கு முழுக்கை ரவிக்கைதான் அணிந்து வருகிறார். மையை எடுக்க வந்த ஒளி தோலின் நிறத்தை ஏன் எடுத்தது என்று அங்கே கேட்டபோது யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

மையை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒளி என்று ஒன்று கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளில் நான் முதுகலை மாணவனாகச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்குச் சென்றபோது, சுருள் வடிவ மின்னல் விளக்கின் நடுவே வைத்திருந்த ரூபித் தண்டைக் காட்டினார்கள். நகைக்கடை மாணிக்கத்தின் இரத்தச் சிவப்பை எதிர்பார்த்திருந்த எனக்கு, விரல் நீளத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்த அந்தச் செயற்கைப் படிகம் வியப்பாக இருந்தது. அலுமினியம் ஆக்சைடில் மிகச் சிறிதளவே குரோமியம் கலந்திருப்பதால் அந்த நிறம். விளக்கு ஒருமுறை மின்னியது. எதிரே நிறுத்தியிருந்த சவர பிளேடில் தீப்பொறி பறந்தது. பிளேடைக் கையில் வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. தொடக்க காலத்தில் லேசரின் ஆற்றலை, அது எத்தனை ஜில்லட் பிளேடுகளைத் துளைக்கிறது என்று கணக்கிட்டதாகவும் அங்கே சொன்னார்கள்.

அந்த பிளேடில் நடந்ததுதான் உங்கள் மதினியின் கையிலும் நடந்தது. ஒளியை எந்தப் பொருள் உட்கொள்கிறதோ அந்தப் பொருள்தான் சூடாகும். ரூபியின் ஒளி 694.3 நானோமீட்டர் அலைநீளமுடைய அடர்சிவப்பு. கரி மை அதை நன்றாக உட்கொள்ளும். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அவ்வாறே உட்கொள்ளும். ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பு மைத்துகளைச் சிதறடிக்கும்போது, மேலே இருக்கும் நிறமிச் செல்களும் அடி வாங்குகின்றன. 1960களிலேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் பச்சைகளின் மேல் ரூபி ஒளியைச் செலுத்திப் பார்த்தார். எந்த நிறப்பொருளுக்கு எந்த அலைநீளம், எவ்வளவு நேரத் துடிப்பு என்ற கணக்கை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல்தான் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். பழைய நாட்டுப் பச்சை பெரும்பாலும் கரிதான். தோலுக்கு அடியில் இருப்பதால் பச்சையாகத் தெரிகிறது. அதற்கு யாக் எனும் வேறொரு படிகத்தில் இயங்கும் 1064 நானோமீட்டர் லேசரே போதும். மெலனின் அதைக் குறைவாகவே உட்கொள்ளும். கறுத்த தோலில் ரூபியைப் பயன்படுத்தியது தவறான தேர்வு என்பதே என் முடிவு. ரூபி இனி அருங்காட்சியகத்துக்கு உரியது.

அபிஷேகப்பட்டி, ஆய்வு மாணவி

ஐயா, கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் 1961இல் ரூபி ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, அதன் பாதி அலைநீளத்தில், அதாவது 347 நானோமீட்டரில், புற ஊதா ஒளி வெளிவருவதைக் கண்டார்கள். அந்தக் கட்டுரையின் படத்தை நூலகத்தில் நான் முதன்முதலில் பார்த்த மாலையை மறக்க முடியவில்லை. ஒரு சிறிய அம்புக்குறி வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. அச்சுப் பிழை என்று எண்ணி அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். பிறகு என் வழிகாட்டிதான் சொன்னார்: அங்கே புள்ளி இருந்தது, ஆய்வின் முழுச் சான்றும் அந்தப் புள்ளிதான், அதை அழுக்கு என்று நினைத்து அச்சுக்கு முன் நீக்கிவிட்டார்கள். இத்தனை பெரிய கண்டுபிடிப்பின் சான்று தாளில் இல்லாமலே போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நீங்கள் பரிந்துரைக்கும் அதே 1064 நானோமீட்டர் ஒளியின் அலைநீளத்தை இதே முறையில் பாதியாக்கித்தான் 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பெறுகிறார்கள். அந்த வழியைத் திறந்தது ரூபி.

வள்ளியூர் வாசகி

அந்தப் பச்சை லேசரைத்தான் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்த என் அம்மாவுக்கு வைத்தார்கள். முடித்து வெளியே வந்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஏளா, எல்லாம் ரோஸ் கலராத் தெரியுது” என்றார். எதிரே நின்ற செவிலியரின் வெள்ளை உடையும் அவருக்கு ரோஜா நிறமாகவே தெரிந்திருக்கிறது. பார்வை போய்விட்டதோ என்று எனக்குக் கால்கள் நடுங்கின. பச்சை ஒளியைத் தொடர்ந்து பார்த்த கண்ணுக்குச் சற்று நேரம் அப்படித் தெரிவது இயல்பு என்று மருத்துவர் சொன்னார். சிறிது நேரத்தில் சரியாகவும் ஆனது. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

ஏன் பச்சை என்று கேட்டதற்கு அவர் விளக்கியது இங்கே பொருந்தும். மனிதக் கண்ணில் முதலில் பயன்பட்டது ரூபிதான். 1961 டிசம்பரில் நியூயார்க்கில் சார்லஸ் கேம்ப்பெல் அதைக் கொண்டு ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை அழித்தார். ஆனால் சிவப்பு ஒளியை இரத்தம் அதிகம் உட்கொள்வதில்லை என்பதால், இரத்தக் குழாய்கள் கெடும் சர்க்கரை நோய்க் கண்ணுக்கு அது சரிப்படவில்லை. பிறகு ஆர்கான் வாயு லேசரும், அதன் பின் இந்தப் பச்சை லேசரும் வந்தன. ஆகவே ஆசிரியர் ஐயா சொன்னது கண்ணைப் பொறுத்தவரை சரி என்றே தோன்றுகிறது.

தென்காசி, தோல் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்

தோலைப் பொறுத்தவரை அது சரியில்லை. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் நீலம் பாய்ந்ததுபோல் பிறவியிலிருந்தே மச்சம் படர்ந்த ஒரு பெண்ணுக்கு, வெளியூரில் ரூபி லேசர் சிகிச்சை முடிந்த பிறகு நான் கட்டுப் பிரித்தேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கியவர், முகத்தைப் பார்க்காமல் அதை மடியிலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஓட்டா மச்சம் எனப்படும் அந்த நோயில் மெலனின் தோலின் ஆழத்தில் தங்கியிருக்கும். அங்கே மெலனினைத் தாக்கும் ரூபியின் குணமே மருந்தாகிறது. ஜப்பானில் இதற்கு ரூபி நன்கு நிலைபெற்ற சிகிச்சை.

பேட்டை அண்ணாச்சி கேட்கவில்லை என்றாலும், பச்சையை நீக்க எண்ணும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அழகு நிலையத்துக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். எந்த லேசர், எந்த அலைநீளம், உங்கள் நிறத் தோலில் அவர் இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதலில் மறைவான ஓரிடத்தில் சிறிதளவு செய்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த பிறகே மீதியைத் தொடச் சொல்லுங்கள். வயல் வேலை, கடற்கரை வேலை என்று வெயிலில் கறுத்திருக்கும் சமயத்தில் செய்துகொள்ளாதீர்கள். அப்போது மெலனின் அதிகமாக இருக்கும். புண் ஆறினால் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணுக்கு அருகில் செய்தால் இமைக்குள் உலோகக் கவசம் வைக்க வேண்டும். ரூபி ஒளி கருமணி வழியே நேராக விழித்திரைக்குப் போய்விடும். எதிரொளித்து வரும் ஒளியும் ஆபத்தானது என்பதால், உடன் நிற்பவருக்கும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடிதான் தர வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி காக்காது.

மதினியின் கையில் வெளிறிய இடத்துக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவ வேண்டாம். தோல் மெலிந்து இன்னும் வெளிறும். இத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது, அந்த மருத்துவமனையில் கொடுத்த சீட்டு பழைய பெட்டியில் எங்காவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு ஆற்றல் வைத்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கலாம்.